ரெண்டு காப்பி வையுங்க, அண்ணாச்சி

பொன்னியின் செல்வனை வாங்கி வையுங்கள் என்று எந்தக் கடைக்காரரிடமும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சமையல், ஜோதிடம், தேர்வு கைடு எல்லாம் அப்படித்தான். இருப்பு தீர்ந்தால் அவரே போன் போட்டுக் கேட்பார். ஆள் வேண்டியது மற்ற புத்தகங்களுக்கு. வரலாறு, பண்பாடு, காடு, பறவை, பொருளாதாரம் என்று கதையும் இல்லாமல் கைடும் இல்லாமல் வருகிறவை. மொத்த விற்பனையில் இருந்த இத்தனை ஆண்டுகளில் நான் மனம் வைத்துச் செய்த வேலை, இவற்றுக்காகக் கடை கடையாகப் பேசியதுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்தப் பேச்சுக்கு என்று ஒரு முறை இருந்தது. ரெக்சின் பையில் மாதிரிப் பிரதிகள், விலைப்பட்டியல், கார்பன் வைத்த ஆர்டர் புக். மதுரை புதுமண்டபத்தில் தையல் மெஷின்களுக்கு நடுவே இருந்த புத்தகக் கடைகளைப் பார்த்துவிட்டு ராத்திரி பஸ்ஸில் திருநெல்வேலி. கடைக்காரர் புத்தகத்தைக் கையில் வாங்கியதும் முதலில் விலையைப் பார்ப்பார், பிறகு பக்கத்தை. "கழிவு எவ்வளவு?" என்பார். முப்பது, முப்பத்தைந்து சதவீதம் என்று பேசி முடிந்த பிறகுதான் "இதுல என்ன இருக்கு?" என்ற கேள்வி வரும். பல கடைகளில் அதுவும் வராது.

தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' 1997இல் வந்தது. மெலிந்த புத்தகம். அலமாரியில் செருகினால் முதுகுகூடத் தெரியாது. திருநெல்வேலியில் ஒரு கடையில் அதை எடுத்து நீட்டினேன்.

"பாடப் புத்தகமா தம்பி?"

"இல்ல அண்ணாச்சி. பாளையங்கோட்டை தொ.ப. சார் எழுதினது."

"சாரு பேரு கேள்விப்பட்டிருக்கேன். புத்தகத்த யாரு வாங்குவா?"

பண்பாட்டு ஆய்வு என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். பல்லாங்குழி பற்றிய கட்டுரையைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். இரண்டு பேரும் சமமான காய்களோடு உட்காருகிறார்கள். ஆட்டம் போகப் போக ஒருவர் பக்கம் சேர்கிறது, மற்றவர் பக்கம் குழி காலியாகிறது. நம் வீட்டுப் பெண்கள் மத்தியானத்தில் ஆடிய ஆட்டத்துக்குள் தனிச்சொத்தின் கதை இருக்கிறது என்கிறார் தொ.ப. அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றபடியே அந்தக் கட்டுரையை முழுக்கப் படித்தார். "எங்க அம்மை ஆடுவா" என்றார். "சரி, ரெண்டு வச்சிட்டுப் போ." வாங்கியதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, அவர் அதை எங்கே வைத்தார் என்பது. 'பொது' என்று சாக்பீஸால் எழுதிய கடைசி அலமாரிக்கு அனுப்பாமல் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் படுக்கவைத்தார். வந்தவர்களிடம் பல்லாங்குழிக் கதையை அவரே சொல்லி விற்றார். அடுத்த தடவை நான் போவதற்குள் கார்டு போட்டு இன்னும் கேட்டிருந்தார்.

அதன் பிறகு எந்தப் புத்தகம் வந்தாலும் கடைக்காரரை நிற்கவைக்கும் ஒரு பக்கத்தைத் தேடிக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' அந்தச் சிரமத்தையும் வைக்கவில்லை, அட்டையே பேசியது. மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' வந்தபோது கோயம்புத்தூரில் எல்லாக் கடைக்கும் போகவில்லை. வனத்துறைக் கல்லூரியும் பறவை ஆராய்ச்சி மையமும் இருக்கிற ஊர் அது. அந்த ஆட்கள் வந்துபோகிற கடை எது என்று விசாரித்து அங்கே போனேன். எத்தனை பிரதி என்பதைவிட எந்தக் கடை என்பதுதான் இந்த வகைப் புத்தகங்களின் கணக்கு.

கடைகள் தயங்கியதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அன்று ஒரு பதிப்பு என்றால் 1,200 பிரதி. பாதிக்குப் பாதி நூலக ஆணையில் போய்விடும்; விலையும் அச்சுப் பாரக் கணக்கில் நிர்ணயமாகும். கடையைப் பற்றிக் கவலைப்படாமலே முதல் திரும்பிவிடும் என்பதால் பதிப்பாளர்கள் பலர் வாசகரைப் பற்றியும் கவலைப்படவில்லை. சுட்டி இல்லை, படம் இல்லை, அட்டையில் கவனம் இல்லை. அப்படிப்பட்ட புத்தகத்தோடு கடை வாசலில் நிற்பவனுக்குத்தான் அதன் வலி தெரியும். 2004இல் கிழக்கு பதிப்பகம் வந்து, பங்குச் சந்தை, அமெரிக்க வரலாறு என்று புனைவல்லாத புத்தகங்களை வரிசையாகப் போட்டு, மருந்துக் கடை வரைக்கும் கொண்டுபோய் வைத்தது. 'அள்ள அள்ளப் பணம்' இருக்கிறதா என்று கடைக்காரர்களே என்னைக் கேட்டபோதுதான் காற்று திரும்பியது புரிந்தது.

இன்று ரெக்சின் பை இல்லை. விலைப்பட்டியல் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆகப் போகிறது. கடையில் மகனோ மகளோ உட்கார்ந்திருக்கிறார்கள். வாசகர் உள்ளே வரும்போதே போனை நீட்டி அட்டைப் படத்தைக் காட்டுகிறார். கீழடி வந்தது, தொல்லியல் புத்தகங்களுக்கு ஆள் வந்தது. 2019இல் டிஎன்பிஎஸ்சி பாடத்திட்டத்தில் தமிழ்நாட்டின் வரலாறும் பண்பாடும் தனி அலகாகச் சேர்ந்தன, கே.கே. பிள்ளையின் 'தமிழக வரலாறு: மக்களும் பண்பாடும்' தேர்வு எழுதுகிறவர்கள் கையில் ஏறியது. 'சேப்பியன்ஸ்' தமிழில் தடித்த புத்தகமாக வந்தும் கேட்டு வாங்குகிறார்கள். 2020 டிசம்பரில் தொ.ப. மறைந்த வாரம், முன்பு ரெண்டு பிரதிக்கு யோசித்த கடைகளெல்லாம் கட்டுக் கட்டாகக் கேட்டன. எனக்கு இதில் நிஜமாகவே சந்தோஷம். இருபது வருடம் முன்னால் இதற்காகத்தானே தொண்டை வறளப் பேசினோம்.

ஆனால் போனில் யாரும் பேசாத புத்தகம் ஒன்று இருக்கிறதே, அதன் நிலைமை அன்றைக்கு இருந்ததைவிட மோசம். அன்று குடோன் நிறையப் பிரதி இருந்தது, கேட்க ஆள் இல்லை. இன்று கேட்க ஆள் இருக்கிறது, பிரதி இல்லை. ஐம்பது, நூறு என்று தேவைக்கு அச்சடிப்பதால் பதிப்பகங்கள் பலவும் திருப்பி எடுப்பதில்லை. விற்காவிட்டால் தலையில் விழும் என்றால் எந்தக் கடைக்காரர் தெரியாத புத்தகத்தை வைத்துப் பார்ப்பார்? அண்ணாச்சி அன்று துணிந்ததற்கு என் பேச்சு பாதிக் காரணம்தான். விற்கவில்லையென்றால் எடுத்துக்கொள்வோம் என்ற வாக்கு மீதிப் பாதி.

அதனால் இப்போது நான் அதிகம் பேசுவது பதிப்பாளர்களிடம். முதல் ரெண்டு பிரதிக்கு மட்டும் ஆறு மாதத்துக்குள் திருப்பும் உரிமை கொடுங்கள், போக வரக் கூரியர் செலவு எங்களுடையது என்கிறேன். மாதிரிப் பிரதி ஒன்றும் முன்கூட்டியே கேட்கிறேன், படித்து அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிக்க. சிலர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி வந்த புத்தகங்களுக்குக் கடை பார்த்து வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறேன்: எந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும், அந்த ஊரில் யார் அதைத் தேடி வருவார், அலமாரியில் செருகாமல் ஏன் கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று.