பனிமூட்டம் நிரபராதி

தோட்டத்து ஆபீசில் டெலிபோன் சத்தம் கெட்டுப்போனால் குற்றவாளியைத் தேட யாரும் மெனக்கெடுவதில்லை. ஜன்னலைப் பார்த்தால் போதும், வெளியே பனிமூட்டம் நிற்கும். "பனி எறங்கிருச்சுங்க, லைன் சரியா வராது" என்று கிளாக்கர் தீர்ப்புச் சொல்ல, டீமேக்கர் ஆமோதிக்க, துரையும் தலையாட்டினால் வழக்கு முடிந்தது. நுவரெலியா, ஹட்டன் பக்கத்தில் பனிக்கு என்றைக்குப் பஞ்சம்? பிடித்து நிறுத்தக் குற்றவாளி எப்போதும் வாசலிலேயே இருக்கிறது. பனிக்காக வாதாட யாரும் இல்லாததால் நான் ஆஜராகிறேன். என் கட்சி இதுதான்: குற்றவாளி பெரும்பாலும் ஆபீசுக்குள்ளேயே, மேசைக்கடியில் பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

முதல் சாட்சி, நாட்டிலேயே உயர்ந்த மலையான பிதுருதலாகலை. 2524 மீட்டர் உயரத்து அந்த உச்சியில் ரூபவாஹினியின் ஒளிபரப்புக் கோபுரம் இருக்கிறது. மலை முழுதும் பனிக்குள் மறைந்துபோகும் நாட்களிலும் லயத்தில் நாடகம் நிற்பதில்லை. நின்றிருந்தால் சம்பளப் போராட்டத்தை விடப் பெரிய போராட்டம் வெடித்திருக்கும். கைத்தொலைபேசி அலைக்கும் பனித்துளி ஒரு பொருட்டில்லை, பைபருக்கோ வெளியே என்ன காலநிலை என்பதே தெரியாது. "அந்தக் காலத்தில் மழை பெய்தால் லைன் கரகரத்ததே" என்பார்கள். உண்மைதான். செப்புக் கம்பியின் இணைப்பில் ஈரம் ஏறினால் கரகரக்கும். ஆனால் கரகரப்பு ஒரு நோய், பேச்சு துண்டு துண்டாக விழுவது வேறு நோய். போனை மாற்றிய பிறகும் பழைய நோயின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தால் எந்த மருந்து கேட்கும்? இன்றைக்கும் கரகரக்கிறதென்றால் மலையைப் பார்க்குமுன் ரிசீவரின் சுருள் வயரைப் பார்க்க வேண்டும். பேசப் பேச விரலில் சுற்றி, மேசை ஓரத்தில் இழுபட்டு, அது உள்ளுக்குள் நைந்து போயிருக்கும். பக்கத்து மேசை வயரைக் கழற்றி மாட்டிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அதைச் செய்யாமல் கம்பெனிக்கு மூன்று பிரதிகளில் கடிதம் எழுதுவதுதான் நிர்வாகம்.

துண்டு துண்டாக விழும் நோய்க்கு வருவோம். பழைய லைனில் ஒரு கோல் எடுத்தால், முடியும் வரை பாதை அந்தப் பேச்சுக்கே சொந்தம். இப்போதைய ஐபி போன் குரலைப் பொதுவாக 20 மில்லிசெக்கனுக்கு ஒன்றாக, செக்கனுக்கு 50 பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது. மேசைக்கடியில் இருக்கும் ரவுட்டர் என்ற அதே வாசலால்தான் ஃபெக்டரிக் கமராவின் படமும் செக்ரோல் கணக்கும் வெளியேறியாக வேண்டும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் முன்னால் நிற்பவள் நாலு மூட்டையை இறக்கினால், பின்னால் அரைக் கூடையோடு நிற்பவளும் காத்திருக்கத்தான் வேண்டும். கொழுந்து கொஞ்சம் வாடினாலும் நிறுவைக்குப் போகும், தாமதமாக வந்த பேச்சுப் பொட்டலத்தையோ போன் தூக்கி எறிந்துவிடும். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லிசெக்கனுக்குள் சேர்ந்தால் நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். இங்கேதான் பனிக்கு எதிரான வழக்கு உடைகிறது. பல சமயம் கொழும்பு பேசுவது நமக்குத் தெளிவாகக் கேட்கும், நாம் பேசுவதுதான் அங்கே துண்டாக விழும். பனி ஒரு பக்கமாக மட்டும் இறங்குமா? தோட்டத்திலிருந்து வெளியே போகும் பாதை பெரும்பாலும் உள்ளே வரும் பாதையை விட ஒடுக்கம், கமரா அடைத்துக்கொள்வதும் அதைத்தான். கோல் கெடும் நேரங்களை ஒரு வாரம் குறித்து வைத்து, கணக்கு அனுப்பும் நேரத்தோடு ஒத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தினால், பேச்சை முன்னால் விடும்படி ரவுட்டரில் சொல்லி வைக்கலாம்.

இதற்கு நம்மவர்கள் கண்ட வைத்தியம் கத்துவது. கங்காணியின் குரல் மலை தாண்டி எட்டும் என்பதால் கொழும்புக்கும் எட்டும் என்று ஒரு நம்பிக்கை. தொலைந்த பொட்டலம் மெல்லப் பேசினாலும் தொலைந்ததுதான். கத்தினால் மைக் திணறி, வந்து சேர்வதும் பாழாகும். போதாததற்கு, சாதாரண டெலிபோன் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கொண்டுபோகும். 'எஃப்' என்று சொல்லும்போது வரும் காற்றொலியில் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. அதனால் 'பி.ஓ.பி.எஃப்' என்று அடித்தொண்டையிலிருந்து கூவினாலும் மறுமுனையில் 'பி.ஓ.பி' என்று எழுதிக்கொள்ள இடமுண்டு. இரண்டும் வேறு வேறு தரம், வேறு வேறு விலை. புரோக்கரிடம் தேயிலையின் தரத்தைக் கத்திச் சொல்வதை விட எழுதி அனுப்புவது மேல்.

"வாட்ஸ்அப்பில் பேசினால் ஆயிற்று, இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?" என்று இளைய கிளாக்கர் கேட்கலாம். ஆபீஸ் வைபையில் பேசினால் அதுவும் அதே வரிசையில்தான் நிற்கிறது. ஜன்னலோரம் போய் டேட்டாவில் பேசியபோது நன்றாகக் கேட்டது என்பாரானால், ஜன்னலுக்கு வெளியேதான் பனி நிற்கிறது என்பதை நினைவூட்டுகிறேன். மிச்சம் இருப்பது எதிரொலி, எல்லாவற்றிலும் சங்கடமானது அதுதான். நம் குரல் நமக்கே திரும்பிக் கேட்டால் கோளாறு அநேகமாக எதிர்முனையில். அங்கே மேசை மேல் ஸ்பீக்கரை உச்சத்தில் வைத்திருப்பார்கள், அதில் வரும் நம் குரலை அவர்கள் மைக்கே பிடித்துத் திருப்பி அனுப்பும். ஹட்டனில் கேட்கும் எதிரொலிக்குக் கொழும்பில்தான் சத்தத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, "சேர், பிழை உங்கட பக்கந்தான்" என்று எந்தக் கிளாக்கர் சொல்வார்? பனி என்றால் யாருக்கும் விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டியதில்லை.