அஞ்சு லட்சத்து மாமா

ஓய்வு பெற்ற மறுநாளே நல்ல வங்கி தேடிப் புறப்படுகிற மாமா ஊருக்கு ஒருவராவது இருப்பார். கையில் மஞ்சள் பை, பைக்குள் பான் கார்டு நகல் ஒரு கட்டு. கும்பகோணத்தில் 1904, கரூரில் 1916, தூத்துக்குடியில் 1921 என்று உள்ளூர் வங்கிகளின் பிறந்த வருஷங்கள் அத்துப்படி. பேரன் பிறந்த வருஷத்தை மாமியிடம்தான் கேட்க வேண்டும்.

வங்கிக்குள் நுழைந்ததும் வட்டிப் பலகையைப் பார்க்க மாட்டார். நூலில் கட்டிய பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்ப்பார். பாஸ்புக் மெஷின் வேலை செய்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். அப்புறம் மேனேஜரிடம், "சாருக்குச் சொந்த ஊரு? டிரான்ஸ்பர் எப்போ வரும்?"

2020 பிப்ரவரியில் டெபாசிட் காப்பீடு ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சமானதே, அன்றைக்குப் பிடித்தது இந்தக் கணக்கு. வட்டியும் அந்த ஐந்துக்குள்தான் அடக்கம் என்பதால், ஓராண்டு டெபாசிட் என்றால் ஒரு வங்கியில் நாலரை லட்சத்தைத் தாண்ட மாட்டார். தன் பேரில் ஒன்று, மாமி பேரில் ஒன்று, இருவர் பேரிலும் ஒன்று. பணம் எங்கெங்கே இருக்கிறது என்று மாமிக்குத் தெரியாது; மாமாவுக்கே டைரி வேண்டும்.

அதே வருஷ நவம்பரில் கரூரின் லட்சுமி விலாஸ் பேங்க் சிங்கப்பூர்க்காரர்களின் டிபிஎஸ்ஸோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் பத்திரமாகத்தான் இருந்தது. மாமாதான், "பாஸ்போர்ட் இல்லாமலே சிங்கப்பூர் போயிட்டேன்" என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

கிராமத்துக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் அங்கே கொஞ்சம் போட்டிருக்கிறார். "செக்ரட்டரி வீடு நம்ம பக்கத்துத் தெருதான். விடியற்காலம் போய் வாசல்ல உட்கார்ந்துடலாம்." இதற்கு மேல் எந்தக் காப்பீட்டுக் கழகம் என்ன செய்துவிடப் போகிறது?

போன வாரம் ஒரு வங்கியில் பேனா எழுதியது, மெஷின் அச்சடித்தது. சீனியர் சிட்டிசனுக்கு அரை சதவீதம் கூட. செக்கை வெளியே எடுத்துவிட்டார். கடைசியாக ஒரே ஒரு கேள்வி.

"உங்க சொந்தப் பணத்தை எங்க சார் போட்டிருக்கீங்க?"

மேனேஜர் சிரித்தார். "எனக்கு எங்க சார் பணம்? வீட்டுக் கடன்தான் இருக்கு."

செக் பைக்குள் திரும்பிவிட்டது. படியிறங்கும்போது வாட்ச்மேனிடம் ரகசியமாகச் சொன்னார்: "கடன்காரர்கிட்டயா கொண்டுபோய்க் குடுக்கறது?"