வடக்குத்துப் பெட்டியியல்: மோரை முன்வைத்து ஒரு முன்னாய்வு

மூடியை மேலே தூக்கித் திறக்கும் ஐஸ்கிரீம் பெட்டியை (இனி, பெட்டி) மோர்ப்பெட்டியாக மாற்றுவது பற்றித் தமிழில் தனிநூல் எதுவும் என் கண்ணில் படவில்லை. நான் தேடவும் இல்லை. 'இத்துறையில் இதுவே முதல் முயற்சி' என்று எழுதிக்கொள்ள அதுதான் வசதி.

அயல்நாட்டார் இத்தகைய பெட்டிக்குள் பீர்ப் பீப்பாயை இறக்கி, மேலே குழாய் வைத்துக்கொள்கிறார்கள். அதில் வரலாற்று நியாயம் உண்டு. கார்ல் வான் லிண்டே 1870களில் தம் குளிர்பதன இயந்திரத்தை ஓடவிட்டதே மூனிக்கின் ஸ்பாட்டன் மதுவாலையில்தான். நம் பக்கத்திலோ 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. வாங்கிக் குடிக்க டாஸ்மாக் உண்டு. வீட்டில் வடித்தால் போலீஸ் வரும். ஆகவே ஆய்வுப்பொருள் மோர் என வரையறுக்கப்பட்டது (அத்தை, வாய்மொழி).

ஆய்வுக்களம் நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து. காலம் கத்திரி வெயில். வாசலில் மோர்ப்பந்தல் போட வேண்டும் என்று மச்சான் பழைய பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். ஊர்ப்பெயராய்வு இல்லாத கட்டுரையை எந்தப் பல்கலைக்கழகமும் தொடாது என்பதால் அதையும் செய்துவிடுகிறேன். 'வடக்கே குத்து' என்பதே வடக்குத்து ஆயிற்று. குழாய்க்கான துளையைப் பெட்டியின் வடபக்கத்தில் போடுக என முன்னோர் ஊர்ப்பெயரிலேயே பொதிந்து வைத்தனர். பெட்டி பிறக்கும் முன்பே ஊர் இருந்ததே என்று கேட்போர்க்கு விடை: அதுதான் முன்னோரின் சிறப்பு. இக்கொள்கையை மெக்கானிக் அண்ணன் மறுக்கிறார்: "எந்தப் பக்கமும் குத்தாதே. சுவருக்குள்ள கேஸ் ஓடுற பைப்பு இருக்கு, ஓட்டை விழுந்தா பெட்டியைக் காயலான் கடைக்குத்தான் போடணும்" (தொலைபேசி உரை, வண்டி ஓட்டியபடி, லாரி ஹாரனில் மறைந்த இரு சொற்கள் ஊகித்து நிரப்பப்பட்டன). எனவே உடலுக்கும் மூடிக்கும் நடுவே அரையடி உயரத்தில் மரச்சட்டம் வைத்து, துளையை அதில் போட்டோம். மரம் பண்ருட்டிப் பலா. வீணையாகியிருக்க வேண்டியது.

வெப்பம்: பெட்டியின் இயல்பு குளிர் மைனஸ் 18 டிகிரி. அதில் மோர் பாறையாகும், ஆயிற்று. வெளியிலிருந்து எஸ்.டி.சி. 1000 என்னும் சிறு கட்டுப்பாட்டுக் கருவியை மாட்டி 4 டிகிரி என்று வைத்தால், குளிர் சேர்ந்ததும் அது மின்சாரத்தை வெட்டும். கம்ப்ரசர் மூச்சு வாங்கச் சில நிமிடம் விட்டுத்தான் மறுபடி கொடுக்கும். அதன் உணரியைக் காற்றில் தொங்கவிடுவோர் காற்றுவாதிகள். தண்ணீர்ப் பாட்டிலுக்குள் விடுவோர் நீர்வாதிகள். மூடியைத் திறக்கும்போதெல்லாம் கருவி பதறாது என்பதால் நீர்வாதமே சித்தாந்தம்.

ஈரம்: அடியில் தண்ணீர் தேங்கும். நிலத்தடி நீரை ராப்பகலாய் இறைத்துக்கொண்டேதான் நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி தோண்டுகிறார்கள். நாங்கள் கிண்ணத்தால் இறைக்கிறோம்.

வடலூரில் சத்திய ஞான சபை எழுந்தது 1872. இங்கிலாந்தின் ஹிராம் காட் கோலி சோடா பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்றதும் 1872. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இருந்தும் இங்கே எழுதக் காரணம், இதைவிட மெல்லிய நூலில் முனைவர் பட்டங்கள் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

குழாய்: மேலே வைத்த குழாய்க்குப் பீர் ஏறும், கரியமில வாயு அதைத் தள்ளும். மோர் ஏறாது. இதைப் பலாமரம் அறுத்த பிறகு கண்டறிந்தோம்.

குழாய் பொய்த்ததால் சொம்பால் மொள்ள வேண்டியதாயிற்று. மொள்ள மூடியைத் திறக்க வேண்டும். திறந்தால் குளிர் போய்விடும் என்பது பாமரர் கருத்து. குளிர்ந்த காற்று கனமானது, அடியிலேயே படுத்திருக்கும். சிக்கல் உள்ளே இல்லை, மேலே இருக்கிறது. தட்டையான எதையும் தமிழ்க் குடும்பம் வெறுமனே விட்டுவைக்காது. மூடிமேற்பொருள் மூவகைப்படும். நிலைப்பொருள்: ஊறுகாய் ஜாடி, ரேடியோ, அயர்ன்பாக்ஸ். வருபொருள்: நேற்றைய தினசரி, காய்கிற வடகத் தட்டு, முந்திரிக்கொட்டைப் பை, வந்தவர் கழற்றி வைத்த ஹெல்மெட். மறைபொருள்: 'பத்திரமா இருக்கட்டும்' என்று அடியில் செருகி, பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாத கேஸ் புத்தகம்.

ஒரு சொம்பு மோருக்கு இவை அனைத்தும் இடம்பெயர வேண்டும். ஓரிடத்தில் கிடக்கும் சொல்லைத் தூக்கிப் பல அடிகள் தள்ளிப் பொருத்திப் பொருள் காண்பதை 'மாட்டு' என்பர். பத்துப்பாட்டு உரையில் நச்சினார்க்கினியர் அதில் கரைகண்டவர். எங்கள் அத்தை அவருக்கு இளைத்தவரல்லர். ஊறுகாய் ஜாடி டிவி மேலும், ஹெல்மெட் தொட்டிலிலும், குழந்தை ஹெல்மெட் கிடந்த இடத்திலும் பொருந்தும். திரும்ப அடுக்கும்போது பாடபேதம் தோன்றும், வடகத் தட்டு இருவேறு இடங்களில் இருந்ததாக இருவர் சாட்சி சொல்வர் (காண்க: மூடிமேல் கிடந்த மின்கட்டண அட்டை, பின்பக்கம், பென்சில் குறிப்பு, கையெழுத்தால் மச்சானுடையது எனத் துணியப்படும், 'மோர் 11' என்பது பதினோரு சொம்பா, பதினோராம் தேதியா என வீட்டில் இரு கட்சி, மூன்றாம் வரி ஊறுகாய் எண்ணெயால் சிதைவு, மூலச்சுவடியால் கரண்டி துடைக்கப்பட்டுவிட்டதால் மறுபார்வைக்கு வாய்ப்பில்லை).

மரச்சட்டம் ஏறியதிலிருந்து மூடி அத்தைக்கு நெஞ்சுயரம். பெட்டி முன் முக்காலி போடப்பட்டது. முக்காலியும் தட்டையானது, அதன்மேல் இப்போது சோப்புத்தூள் டப்பா இருக்கிறது.

பந்தலில் மூன்று பேர் டம்ளரோடு நிற்கிறார்கள். இக்கட்டுரையை நான் மூடிமேல் வைத்துத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். "பேப்பரை எடுங்க தம்பி, மோர் மொள்ளணும்" என்கிறார் அத்தை. இந்தப் பத்தி மட்டும் முடியட்டும் என்று