விகுதி வெட்டியல்: ஓர் ஆய்வு

சொல்லின் வாலை நறுக்க டாலர் குறி ஒன்றே போதும் என்பது புரோகிராமர் மரபினரின் துணிபு. ரெஜெக்ஸ் என்னும் தேடல் குறிமொழியில் அக்குறி வரியின் இறுதியைக் காட்டும். ‘கள்’ என எழுதி, பின்னால் டாலரை நட்டு, கிடைத்ததை வெறுமையால் மாற்றினால் பன்மை ஒழியும். ‘வீடுகள்’ ‘வீடு’ ஆகும். இத்துடன் நிறுத்திக்கொண்டவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

மேலும் சோதித்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். ‘மக்கள்’ ‘மக்’ ஆனார்கள். தனியாகக் ‘கள்’ளையே கொடுத்தபோது எதுவும் மிஞ்சவில்லை, மதுவிலக்கை இவ்வளவு கறாராக எந்த அரசும் நடத்தியதில்லை.

‘மரங்கள்’ ‘மரங்’ என நின்றது தனி வழக்கு. புணர்ச்சி விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று என்கிறது நன்னூல். நம் வரிக்குத் தெரிந்தது கெடுதல் மட்டுமே. (‘கெடுத்தல்’ என்பதும் பொருந்தும்.) ஆகவே ‘ங்கள்’ வந்தால் ‘ம்’ எனத் திரிக்க இன்னொரு வரி சேர்ந்தது. ‘மரம்’ பிழைத்தது. ‘எங்கள்’ ‘எம்’ ஆனதில் புலவர்களுக்கும் மகிழ்ச்சி. ‘திங்கள்’ ‘திம்’ ஆனதைப் பற்றி அவர்கள் வாய் திறக்கவில்லை.

வரிசையும் முக்கியம். ‘மரங்களுக்கு’ என்பதில் ‘க்கு’வை முதலில் வெட்டினால் ‘மரங்களு’ கிடைக்கும். இறுதியில் இப்போது ‘கள்’ இல்லை, ‘களு’ இருக்கிறது. அடுத்த வரி அதைத் தொடாமல் போய்விடும். நீள விகுதிக்கே முன்னுரிமை.

ஆங்கிலத்துக்கு 1980-இல் வழி சொன்ன மார்ட்டின் போர்ட்டர் இதையெல்லாம் எதிர்பார்த்தவர். வெட்டிய பின் மிஞ்சும் துண்டு போதிய நீளம் இருந்தால்தான் வெட்டு செல்லும் என்றார். அதனால் ‘ரீப்ளேஸ்மென்ட்’ வாலிழக்க, ‘சிமென்ட்’ உறுதியாக நிற்கிறது.

நம்மவரும் அதைப் பின்பற்றி, இரண்டு எழுத்தாவது மிஞ்ச வேண்டும் என விதித்தனர். ஆனால் பைத்தானின் எண்கணிதம் வேறு. யூனிகோடில் மகரத்துக்கு ஓர் எண், ஊகாரக் குறிக்கு ஓர் எண் என்பதால் ‘மூ’ அதற்கு இரண்டு எழுத்து. விதி திருப்தியடைந்தது; ‘மூக்கு’ ‘மூ’ ஆயிற்று. ‘கிழக்கு’ ‘கிழ’ ஆயிற்று. ‘சரக்கு’ ‘சர’ ஆயிற்று.

‘நாக்கு’ மட்டும் ‘நா’ ஆயிற்று. இலக்கணப்படி இதில் குற்றம் காண இயலாது. இந்த ஒரே சான்றைக் காட்டித்தான் ‘க்கு’வை வெட்டும் வரியை நீக்கக் கூடாது என்று அதை எழுதியவர் இன்றும் வாதாடி வருகிறார்.