மாஸ்டர், சவுண்டு வரல!

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் எல்லோருக்கும் பெயர் உண்டு. கீபோர்டு வாசிப்பவருக்கு மட்டும் பட்டம். அவர் 'மாஸ்டர்'. மரியாதை சும்மா வரவில்லை. வயலின், புல்லாங்குழல், ஷெனாய், நாதஸ்வரம் என்று சம்பளம் பேசி அழைத்துவர வேண்டிய பத்துப் பேரும் அவருடைய ஒரே பெட்டிக்குள் அடக்கம். பெட்டி மக்கர் செய்தால் பத்துப் பேரும் ஒன்றாக லீவு.

ஆடி மாதத்துக் கூழ் ஊற்றும் விழாவோ, சர்ச் திருவிழாவோ, ரிசப்ஷனோ, மாஸ்டர் தாமதமாகத்தான் வருவார். "எண்ணூர் ரோட்ல கன்டெய்னர் லாரிப்பா" என்பார். யாராலும் மறுத்துப் பேச முடியாது. அந்தச் சாலையில் லாரி நிற்காத நாளை நிரூபிப்பது கஷ்டம்.

வந்ததும் ஸ்டாண்டைப் பிரித்து, கேபிளைச் செருகி, கம்பீரமாக ஒரு கார்டு பிடிப்பார். சத்தம் வராது. உடனே மைக்செட்காரரைப் பார்ப்பார். "லைன் குடுத்தியா?" "குடுத்துட்டேன் மாஸ்டர், நீங்க வால்யூம் வையுங்க." இந்த உரையாடல் ஐந்து நிமிடம் நடக்கும். வால்யூமைத் தொட்டுப் பார்ப்பது மாஸ்டரின் பட்டியலில் கடைசி.

உண்மையில் காரணங்கள் பெரும்பாலும் அற்பமானவை. பெட்டியின் பின்புறம் இரண்டு அவுட்புட் இருக்கும். ஒற்றைக் கேபிள் என்றால் 'எல்/மோனோ' என்று எழுதியதில்தான் செருக வேண்டும். அவசரத்தில் வலப்பக்கத்தில் செருகினால் பாதிப் பியானோ காணாமல் போகும். சஸ்டெய்ன் பெடலில் கால் இருக்கும்போதே சுவிட்சைப் போட்டால், பல மாடல்கள் பெடலைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளும்: காலை எடுத்தால் சுரங்கள் நீண்டுகொண்டே போகும், மிதித்தால் நிற்கும். பக்திப் பாடலின் நடுவே அது நடந்தால் பக்தர்கள் ஏதோ புதுமை என்று நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று 'லோக்கல் ஆஃப்'. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1983 ஜனவரியில் கலிபோர்னியக் கண்காட்சியில் இரண்டு வேறு கம்பெனிகளின் சிந்தசைசர்களை ஒரே கேபிளில் இணைத்துப் பேசவைத்தார்கள். மிடி என்ற அந்தப் பொது மொழி வந்ததால்தான் மாஸ்டர் வீட்டில் கீபோர்டை லேப்டாப்போடு கோத்து வாசிக்கிறார். வசதிக்காக லோக்கலை ஆஃப் செய்வார். கட்டைகளுக்கும் உள்ளே இருக்கும் ஒலிக்கும் தொடர்பு அறுந்துவிடும். அதை மறந்து மேடையேறினால் திரை மின்னும், விளக்கு எரியும், சத்தம் மட்டும் வராது.

எல்லாம் சரியானதும் 'உம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கிளம்பும். அது நம்மூர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் சங்கீதம். கீபோர்டுக்கு மேடையில் ஒரு பிளக், மிக்சருக்குப் பந்தலின் மறுகோடியில் இன்னொரு பிளக், நடுவே எர்த் வழியாக ஒரு சுற்று. இரண்டுக்கும் ஒரே இடத்தில் மின்சாரம் எடுப்பதோ, நடுவில் அந்தச் சுற்றைத் துண்டிக்கும் ஒரு டிஐ பாக்ஸ் வைப்பதோ நல்ல வைத்தியம். பிளக்கின் எர்த் காலையே ஒடித்துவிடும் மாஸ்டர்களும் உண்டு. ரீங்காரம் போய்விடும். ஷாக் அடித்தால் வாசிப்பவரும் போய்விடுவார்.

கடற்காற்றைத்தான் யாராலும் ஜெயிக்க முடியவில்லை. காசிமேட்டு உப்புக்காற்று ஜாக்கின் உலோகத்தை அரிக்கும். கேபிளை ஆட்டினால் கரகர. கட்டைகளுக்கு அடியில் இருக்கும் கார்பன் பூசிய ரப்பரில் ஈரமும் தூசும் படிந்தால், ஒரு சுரம் ஊமையாகும், இன்னொன்று மெல்லத் தொட்டாலும் அலறும். கழற்றித் துடைத்தால் சரியாகிவிடும். மாஸ்டருக்கு நேரமில்லை. அந்தச் சுரத்தை ஒதுக்கியே வாசிக்கப் பழகிவிட்டார். அவர் விரலில் ஏழு சுரச் சம்பூர்ண ராகங்கள் ஆறு சுர ஷாடவமாகிவிட்டன.

பாடகி "ஐந்தரைக் கட்டை, மாஸ்டர்" என்றால் விரலை மாற்ற மாட்டார். டிரான்ஸ்போஸ் பொத்தானை அமுக்குவார். அடுத்த பாட்டுக்கு அதைத் திருப்பி வைக்க மறப்பார். கிட்டாரும் கீபோர்டும் அரைக் கட்டை இடைவெளியில் அடித்துக்கொள்ளும்போது, மாஸ்டர் கிட்டார்காரத் தம்பியைத்தான் முறைப்பார். தம்பி பாவம், ஒழுங்காகச் சுருதி சேர்த்த கிட்டாரை மறுபடி முறுக்கத் தொடங்குவான்.

'வாடகைக் கீபோர்டுதானே' என்று யாராவது முகம் சுளித்தால் ஏ.ஆர். ரகுமான் கதை வரும். தந்தை ஆர்.கே. சேகர் 1976-இல் இறந்தபின் அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் பிழைத்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த சேதி. மாஸ்டர் அதைத் தன் வாடகைக் கீபோர்டுக்கான சான்றிதழாக எடுத்து நீட்டுவார்.

இந்த ரிப்பேர் நேரத்தில் கூட்டம் கலையாமல் காப்பாற்றுவது கானா பாடும் தம்பி. அவனுக்கு ஒரு டோலக் போதும். பிளக் வேண்டாம், கேபிள் வேண்டாம். விசில் பறக்கும். மாஸ்டர் குனிந்து கேபிளை ஆராய்வதுபோல் முகத்தை மறைத்துக்கொள்வார்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. ஒன்பதே முக்காலுக்கு ரீங்காரம் அடங்கி, பெடல் திருந்தி, வயலின்கள் தேனாக ஒழுகத் தொடங்கும். பத்துக்கு ஏட்டையா மேடையோரம் வந்து கைக்கடிகாரத்தைக் காட்டுவார்.

"சார், சார், இப்பதான் சார் சவுண்டே செட்டாச்சு!"

"அத நாளைக்கு வந்து சொல்லு. மொதல்ல பிளக்கப் புடுங்கு."