ஆடுற டிஸ்க்கும் ஆடாத மண்டையும்

வாங்க துரை, வாங்க. நீங்க வர்றதுக்கு முன்னாலயே உங்க மோட்டர் சத்தம் வந்துடுச்சு. முன் சக்கரத்துல என்னமோ கலகலன்னு ஆடுதா? அதுக்கா இந்த முகம்? கண்டவன்கிட்ட எல்லாம் கேட்டு வந்திருக்க போல. ஒருத்தன் டிஸ்க்கைக் கழட்டி வீசுன்னான். இன்னொருத்தன் ரெண்டு சொட்டு எண்ணெய் விடுன்னான். விட்டியா? விடலையா? அப்போ மூளை கொஞ்சம் பாக்கி இருக்கு. உக்காரு, தே ஓ குடி.

ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. இந்த மிதக்குற டிஸ்க்கை எதுக்கு வாங்கின? சுங்கை பெசார்லேர்ந்து செக்கிஞ்சான், தஞ்சோங் காராங் வரைக்கும் வயலும் வாய்க்காலும்தான். ஏத்தமும் இல்ல, எறக்கமும் இல்ல. மேடு பார்க்கணும்னா கோலா சிலாங்கூர் போய் புக்கிட் மெலாவத்தி ஏறணும்; அங்க உன் டிஸ்க்கைப் பார்த்து மயங்குறதுக்குக் குரங்குதான் இருக்கு. சரி, அழகுக்கு வாங்கின. தப்பில்ல. ஆனா காசு குடுத்து வாங்கின சாமான் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சு வெச்சுக்கணும்ல?

எங்க காலத்து கப்சாய்க்கு முன்னாலயும் டிரம், பின்னாலயும் டிரம். 1969ல ஹோண்டாக்காரன் சிபி750க்கு முன்னால டிஸ்க் வெச்சு வித்தான். அப்புறம் வேகம் கூடுச்சு, சூடும் கூடுச்சு. இரும்பு சூடானா விரியும் தம்பி. 300 மில்லி குறுக்களவு உள்ள வளையம் 300 டிகிரி சூடு ஏறினா, சுமார் 1 மில்லி பெருசாகும். நடுவுல இறுக்கிக் கட்டிப்போட்டா அது எங்க போகும்? கோணிக்கும். அதனாலதான் வெளி வளையத்தை இரும்புல செஞ்சு, நடுத்தட்டை அலுமினியத்துல செஞ்சு, ரெண்டையும் சுத்திவர பாபின்னு சொல்ற குட்டி உருளைகளைப் போட்டுக் கோத்தான். சம்பந்தி வீட்டு உறவுதான் அது: கட்டியும் இருக்கணும், ஒட்டியும் இருக்கக் கூடாது.

ஆக, ஆடுறது நோய் இல்ல, ஆடட்டும்னுதான் செஞ்சிருக்கான். ரேஸ் சாமான் முழுசா மிதக்கும், கலகலன்னு பேசும். ரோட்டு மோட்டர்ல வர்றது பெரும்பாலும் பாதிதான் மிதக்கும். உள்ள அலை வாஷர் அழுத்திப் பிடிச்சிருக்கும், கையால அசைச்சா லேசா அசையும். நீ பயப்பட வேண்டியது ரெண்டுக்குத்தான். ஒண்ணு, அசையவே அசையாம இறுகிப்போன பாபின். இன்னொண்ணு, சக்கரம் சுத்துற திசையில முன்னும் பின்னும் டக்கு டக்குன்னு அடிக்கிற பாபின்.

இறுகுறதுதான் நம்ம ஊரு வியாதி. 1917ல டென்னமாரம் தோட்டத்துல ஃபோக்கோனியேன்னு ஒரு பிரெஞ்சுக்கார துரை, வியாபாரத்துக்குன்னு இந்த நாட்டுல மொத மொதலா செம்பனை நட்டான். அன்னையிலேர்ந்து கங்காணி போனான், துரையும் போனான், ஆளும் மாறுச்சு. மழை பெஞ்சா சக்கரத்துல அப்புற தோட்டத்துச் சேறு மட்டும் போகல. அந்தச் சேறும், கடலோர உப்புக் காத்தும், பிரேக் பேட் தூளும் சேர்ந்து பாபின் சந்துல குடியேறிடும். வளையம் நகர முடியாம கோணி நிக்கும். ஒரு பக்கத்து பேட் மட்டும் தேயும். பிரேக் பிடிச்சா கை லீவர் துடிக்கும். சத்தம் இருக்காது, அதனால உன்ன மாதிரி ஆளு நிம்மதியா ஓட்டிக்கிட்டு இருப்பான்.

இப்போ நோயைக் கண்டுபிடி. மோட்டரைத் தள்ளிக்கிட்டே முன் பிரேக்கைப் பிடி. டக்குன்னுச்சா? உடனே டிஸ்க் மேல பழி போடாத. ஹேண்டில் கோன் தேஞ்சிருந்தாலும் இதே சத்தம்தான் வரும். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்து, ஃபோர்க் அடியைப் பிடிச்சு முன்னும் பின்னும் இழு. அங்க ஆடினா வேலை மேல இருக்கு. ஆடலையா? இன்னொருத்தனைத் தள்ளச் சொல்லிட்டு, பாபின் ஓரத்துல விரல் வெச்சுப் பாரு. விரலுக்கு அடி தெரிஞ்சா அங்கதான் கள்ளன்.

அடுத்தது தடிமன். டிஸ்க்லயே குறைஞ்சபட்ச அளவு பொறிச்சிருக்கும். புதுசுல 5 மில்லி இருந்தா பெரும்பாலும் 4.5ன்னு போட்டிருப்பான். மைக்ரோமீட்டர் வெச்சு, பேட் உரசுற இடத்துல, சுத்திவர ஏழெட்டு இடத்துல அள. நீ ஓரத்துல ஒரு இடம் அளந்துட்டு வருவே. ஓரம் எப்பவும் தேயாது தம்பி, அது பொய்தான் சொல்லும். கோணலைப் பார்க்க டயல் கேஜ் வேணும். மாடலுக்கு மாடல் 0.1லேர்ந்து 0.3 மில்லி வரைக்கும் விடுவான், மேனுவலைப் பாரு.

இறுகியிருந்தா வைத்தியம் லேசு. டிஸ்க்கைக் கழட்டு. ஓட்டை உள்ள பாபினா இருந்தா அதுக்குள்ள ஒரு போல்ட்டை விட்டு, ரெண்டு பக்கமும் வாஷர் வெச்சு, நட்டை முறுக்கி, ஸ்பெனரால சுத்து. பிரேக் கிளீனர் அடி, மறுபடி சுத்து. கறுப்புத் தண்ணி வர்றது நிக்கிற வரைக்கும் விடாத. எண்ணெய், கிரீஸ் பக்கத்துலயே வரக் கூடாது. சூட்டுல உருகி பேட்ல இறங்குச்சுன்னா பிரேக்கே பிடிக்காது. நம்ம நாட்டு ரோட்டுல சாகுறவன்ல பாதிக்கு மேல மோட்டர்காரன். அந்தக் கணக்குல நீ ஏறாத.

தேஞ்சு டக்குன்னு அடிச்சா, கிளிப் போட்ட பாபினைக் கழட்டிப் புதுசு மாட்டலாம். ஆனா நடுத்தட்டு ஓட்டையே நீள்வட்டமாப் போயிருந்தா புது பாபின் போட்டும் புண்ணியமில்ல. ஆணி அடிச்சு மூடின பாபினா, தடிமன் குறைஞ்சிருக்கா, முழு டிஸ்க்கையும் மாத்திடு. மாட்டும்போது சக்கரத்துல டிஸ்க் உக்கார்ற இடத்துத் துருவைச் சுரண்டு. அங்க ஒரு துணுக்கு துரு இருந்தாலும் புது டிஸ்க்கும் கோணலாத்தான் சுத்தும். போல்ட்டுக்கு லாக் பசை போட்டு, எதிரெதிரா மாத்தி மாத்தி, மேனுவல் சொன்ன இறுக்கத்துக்குக் கொண்டு வா. பேடும் புதுசு போடு. கொஞ்ச நாளைக்கு மிதமாப் பிடிச்சுப் பழக்கு. பழகுறதுக்கு முன்னால பாசார் மாலம் வாசல்ல பொண்ணுங்க முன்னாடி சடார்னு நிறுத்திக் காட்டாத. நிக்காது.

இவ்வளவும் கேட்டுட்டு நீ என்ன கேக்கப் போறேன்னு எனக்குத் தெரியும். "அப்போ அங்கிள், தங்கக் கலர்ல ஒண்ணு வாங்கிடவா?" வாங்கு ராசா, வாங்கு. மைக்ரோமீட்டரை மட்டும் என்கிட்ட இரவல் கேட்டு வா. டிஸ்க்கை விட மலிவா கிடைக்கிற சாமானுக்கு உன்கிட்ட என்னைக்கு வெள்ளி இருந்திருக்கு?