விண்வெளி ராணிப் பதவிக்கு விண்ணப்பிக்கும் அம்மணிகளின் கவனத்துக்கு

அண்டசராசரத்தையும் அடக்கி ஆளும் ஆசை இருக்கிறது, சொன்னதைச் செய்யும் கூட்டமும் கைவசம் இருக்கிறது என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். மீதிக்கு 'ஸ்டார் ட்ரெக்'கின் போர்க் ராணியிடம்தான் பாடம் கேட்க வேண்டும். 1996-ல் திரைக்கு வந்தவள், 2023 வரை பல தடவை செத்தாள், சில தடவை முகம் மாறினாள், ஒரே ஒரு தடவை மனமும் மாறினாள். அந்த ஒரு தடவைதான் விசேஷம். அதற்கு வருவோம்.

முதல் தகுதி: யாருக்கும் தேவைப்படாத ஆளாக இருக்க வேண்டும். 1989-ல் போர்க் கூட்டம் தொலைக்காட்சியில் அறிமுகமானபோது ராணி என்று ஒருத்தி கிடையாது. அந்தக் கூட்டத்தின் பயங்கரமே அதுதான். பாதி சதை, பாதி இயந்திரம், அத்தனை தலைக்கும் சேர்த்து ஒரே மனசு. பேரம் பேசத் தலைவன் இல்லை, காலில் விழலாம் என்றால் யார் காலில் விழுவது என்று தெரியாது. ட்ரோன் எனப்படும் அந்தக் கூட்டத்து ஆள் ஒன்றைச் சுட்டால் அடுத்தது அதே வேலையைத் தொடரும். தொலைக்காட்சிக்கு இது போதும். இரண்டு மணி நேர சினிமாவில், 'நாங்கள்' என்று மட்டுமே பேசும் கூட்டத்தை எதிரே நிறுத்தி எவ்வளவு நேரம் வசனம் எழுதுவது? 'ஃபர்ஸ்ட் காண்டாக்ட்' படத்தை எழுதிய ரொனால்ட் டி. மூருக்கும் பிரானன் பிராகாவுக்கும் ஒரு வாய் தேவைப்பட்டது. அந்த வாய்க்குப் பின்னால் ஒரு ராணி முளைத்தாள்.

கூட்டுமனசுக்கு எதற்கு ராணி என்று ரசிகர்கள் இன்றைக்கும் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். முறைக்கட்டும். 'நான்' என்பதையே ஒழித்துக்கட்டிய இடத்தில் 'நான்' என்று சொல்லும் ஒரே ஆள் நீங்கள் என்பதுதான் உங்கள் மூலதனம். விளக்கம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் போச்சு.

இனி, நுழைவு. கதவைத் திறந்துகொண்டு வருவதெல்லாம் சில்லறை வில்லிகளின் வேலை. அந்தப் படத்தில் ராணியாக நடித்த ஆலிஸ் கிரீகே முதன்முதலாக முழுசாகத் தெரியும் காட்சியைப் பாருங்கள். மேலிருந்து கம்பிகளில் தொங்கியபடி தலையும் தோளும் மட்டும் இறங்குகின்றன. அடியில் உலோக முதுகெலும்பு பாம்பு வாலைப்போல நெளிகிறது. கீழே தலையில்லாத உடம்பு காத்திருக்கிறது. தோள் போய் அதில் பொருந்த, கொக்கிகள் மாட்டிக்கொள்கின்றன. அதற்குள் அவள் பேச்சைத் தொடங்கியாயிற்று. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பேசுகிறவரின் அலட்சியம் அதில் இருக்கிறது. அந்த அலட்சியம் வராவிட்டால் எத்தனை கோடி செலவழித்துக் கிராஃபிக்ஸ் போட்டாலும் பிரயோசனம் இல்லை. ஒரு எச்சரிக்கை: கிரீகேக்கு முதலில் மாட்டிவிட்ட ரப்பர் உடுப்பு கொப்புளம் போட்டது. வெள்ளி நிற லென்ஸைச் சில நிமிடங்களுக்கு மேல் கண்ணில் வைத்திருக்க முடியவில்லை. பதவி என்றால் இதெல்லாம் இருக்கும்.

அடுத்ததை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஆள்பிடிப்பது சுலபம். கழுத்தில் இரண்டு குழாயைச் செருகினால் எதிராளி உங்கள் கூட்டத்தில் சேர்ந்துவிடுவான். அது ராணிக்குப் போதவில்லை. கதாநாயகனான கேப்டன் பிக்கார்டை 1990-லேயே பிடித்து லோக்யூட்டஸ் என்று பெயரும் சூட்டினார்கள். ஆறு வருடம் கழித்து வந்த படத்தில்தான் சங்கதி வெளியே வருகிறது: அவளுக்கு வேண்டியது இன்னொரு ட்ரோன் இல்லை, தானாக மனசு ஒப்பி வரும் ஒரு துணை. பிக்கார்டு ஒப்பவில்லை. ஆகவே அதே படத்தில் டேட்டா என்ற ஆண்ட்ராய்டுக்கு வலை வீசுகிறாள். இயந்திரக் கையில் மனிதத் தோலை ஒட்டவைத்து, மெல்ல ஊதுகிறாள். மயிர் சிலிர்க்கிறது. மனிதனாக வேண்டும் என்று ஏங்கிய ஒரு இயந்திரத்துக்கு இதைவிடப் பெரிய லஞ்சம் இருக்கிறதா? டேட்டா 0.68 விநாடி சபலப்பட்டதாகப் பிற்பாடு ஒப்புக்கொள்கிறான். பிறகு குளிரூட்டித் தொட்டியை உடைத்து அவள் சதையெல்லாம் கரையும்படி செய்கிறான். மிச்சமிருந்த முதுகெலும்பைப் பிக்கார்டு முறிக்கிறார். சாவு எண் ஒன்று.

செத்ததற்காகக் கலங்க வேண்டாம். 1999-ல் 'வாயேஜர்' தொடரில் சூசன்னா தாம்சனின் முகத்தோடு திரும்பி வந்தாள். எப்படி என்று யாரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். இந்த முறை கண் விழுந்தது செவன் ஆஃப் நைன் மேல். சின்ன வயதில் போர்க் பிடித்து வளர்த்து, பிறகு மனிதர்கள் மீட்டுக்கொண்டுபோன பெண். ராணி அவளிடம் வீட்டை விட்டுப் போன மகளிடம் பேசுவதுபோலப் பேசுவாள். உன்னை நாங்களேதான் போகவிட்டோம் என்பாள். எந்த மாமியாருக்கும் சளைக்காத வித்தை. செவன் மசியவில்லை. அடுத்த வருடம், தன் காதுக்கு எட்டாத சில குரல்களை அடக்குவதற்காகச் சொந்த ட்ரோன்களையே ஆயிரக்கணக்கில் கலத்தோடு வெடிக்கவைத்தாள். கோபத்தில் எடுத்த முடிவு என்று முகத்திலேயே தெரிந்தது. எல்லாருக்கும் ஒரே மனசு என்ற கொள்கை இருக்கட்டும், அந்த மனசு யாருடையது என்று அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. 2001-ல் அதே தொடரின் நாயகி அட்மிரல் ஜேன்வே தன் உடம்பிலேயே நோயை ஏற்றிக்கொண்டு வந்து மாட்டிக்கொள்ள, ராணி ஆசையாக விழுங்கிச் செத்தாள். தானாக வந்த விருந்தாளி என்றதும் சோதிக்காமல் விட்டதன் பலன்.

இப்போது அந்த விசேஷம். 2022, 'பிக்கார்டு' தொடரின் இரண்டாம் பருவம், ராணியாக ஆனி வெர்ஷிங். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை, கூட்டம் இல்லை, கைதி. அவளோடு இணைப்புப் போட்டுக்கொள்ள வேண்டிய கட்டாயம் ஆக்னஸ் ஜுராட்டி என்ற விஞ்ஞானிக்கு. அவளும் தனிமையில் வெந்தவள்தான். ராணி செத்து அவள் உடம்புக்குள் குடியேறுகிறாள். குடியேறியவள் விருந்தில் மேடையேற்றிப் பாட வைக்கிறாள், உலோகச் சத்துக்காகக் கார் பேட்டரி வரை தின்ன வைக்கிறாள். அந்த வாடகை வீட்டுக்குள்தான் ஜுராட்டி நியாயம் பேசுகிறாள். எந்தக் காலவரிசையிலும் கடைசியில் நீ தோற்றுத் தனியாகத்தானே நிற்கிறாய், பிடித்துக்கொண்டு வருவதற்குப் பதில் கேட்டுப் பார்த்தால் என்ன? ராணி யோசிக்கிறாள்! சம்மதித்தவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் ஒரு போர்க் பிறக்கிறது. 1990 முதல் தேடிய துணை, வாதம் செய்து ஜெயித்தவளாக வந்து வாய்த்தாள். இவளுக்குக் கிடைத்த உருப்படியான ஒரே வளர்ச்சி இது என்பேன். பட்ஜெட் போட்டு வந்ததல்ல, ஒருத்தி எதிர்த்துப் பேசியதைக் காது கொடுத்துக் கேட்டதால் வந்தது.

ஆகவே அடுத்த வருடமே அதைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். மூன்றாம் பருவத்தில் பழைய ராணி வியாழன் கிரகத்தின் புயலுக்குள் ஒளிந்திருக்கிறாள், கிரீகேயின் குரலோடு. ஜேன்வே கொடுத்த நோயால் உடம்பு அழுகி, பசிக்குச் சொந்த ட்ரோன்களையே தின்றவள். பிக்கார்டின் மகனையும் 25 வயதுக்குக் கீழ்ப்பட்ட விண்படை இளசுகளையும் ஒரே வீச்சில் பிடித்துக்கொள்கிறாள். திட்டம் பெரிசு, ஆள் சிறிசு. பார்க்கப் பயமாகத்தான் இருந்தது, ஆனால் அவள் எதற்கும் யோசிக்கவேயில்லை. கடைசியில் கலத்தோடு வெடித்தாள்.

ஆகவே பதவி நிலவரம் இது: வியாழன் அருகே ஒரு ராணி இடம் காலி. ஜுராட்டி ராணி மட்டும் விண்வெளியில் ஒரு கதவுக்குக் காவல் இருக்கிறாள், அவளை யாரும் கூப்பிடக்கூட இல்லை. எந்த இடத்துக்கு என்று விண்ணப்பத்தில் தெளிவாகக் குறிப்பிடவும். குறிப்பிடாவிட்டால் வியாழன் பக்கத்துக்குத்தான் பரிசீலிப்பார்கள். லென்ஸ் செலவு அவர்களுடையது.